மஞ்சள் மீனின் முக லட்சணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பாசாருக்குப் போகிற சாமான் பட்டியலும், நாத்தனாருக்கு வருசத்துக்கு ஒரு கடிதமும்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதையே டப்பாவைத் திறந்து எண்ணித்தான் தெரிந்துகொள்கிறேன். ஆனால் இந்த மீன் சமாச்சாரம் மட்டும் மறக்கவில்லை. "அம்மா, அதச் சொல்லும்போதுதான் நீங்க வாய்விட்டுச் சிரிக்கிறீங்க, அப்படியே எழுதிக் குடுங்க" என்று சின்ன மகள் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். எழுதுகிறேன். முன்னது பின்னது மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மலேசியாவில், கிள்ளானிலிருந்து மேரு என்கிற ஊருக்குப் போகிற சாலையில், உள்ளே மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஓர் அலங்கார மீன் பண்ணை இருந்தது. அங்கே நான் ஆறேழு வருசம் வேலை செய்தேன். தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ, அந்தச் சமயம். முதலாளி சீனர். அவரைத் தௌக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்களோடு மலாயில் பேசுவார். அவருக்குக் கீழே மண்டோர், அதாவது எங்களை மேய்க்கிற மேஸ்திரி. அவர் தமிழர், முப்பது வயது கூட இருக்காது. ஆள் குட்டை, குரல் பெரிசு.

பண்ணையில் இரண்டு விதமான வேலை. ஒன்று குளத்து வேலை. இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கி வலை இழுக்க வேண்டும். வெயில், மழை, அட்டை எல்லாம் உண்டு. இன்னொன்று கொட்டகை வேலை. ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகளும் கண்ணாடித் தொட்டிகளும் இருக்கும். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து மீன் பிரிக்க வேண்டும். காற்றுக் குழாய் நாள் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குளத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்த ஸ்டூல் மேல் ஒரு கண்.

நான் கொட்டகைக்குள் வந்ததே அந்த மஞ்சள் மீனால்தான். ஆப்பிரிக்காவில் ஏதோ பெரிய ஏரியில் இருக்கிற மீனாம். சிக்லிட் என்று பெயர். நல்ல எலுமிச்சம்பழ நிறம். அதில் தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். குஞ்சு பொரித்த பிறகும் வெளியே விடாது. மூன்று வாரம் வாயில் இரை எடுக்காமல், கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, மூலையில் நிற்கும். அந்தத் தாயைப் பிடித்து வாயிலிருக்கிற குஞ்சுகளை எடுத்துத் தனித் தொட்டியில் விடுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. என் கை சின்னது, மெதுவான கை என்று தௌக்கே என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் பேசாதவள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தௌக்கேவுக்குச் சத்தம் பிடிக்காது.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மீன்கடைக்காரர் வேனில் வருவார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் அந்த மஞ்சள் மீனை ஜோடி ஜோடியாகத்தான் வாங்குவார். அவரிடம் வருகிறவர்கள் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். சின்னத் தொட்டி, ஒரு ஜோடி மீன், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க. பெரிதாக வளர்ந்த மீனே ஆகாது அவருக்கு, விரல் நீளத்து இளசுதான் வேண்டும். அந்த இளசில் ஆண் எது பெண் எது என்று கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே அளவு. தப்பாக இரண்டு ஆணை ஒரு தொட்டியில் விட்டுவிட்டால் ஒன்று மற்றதைத் துரத்தித் துரத்திக் கடித்தே கொன்றுவிடும்.

ஒருநாள் அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டே வந்தார்.

"மண்டோரு, இத பாருங்க. வாலே இல்ல. நீங்க குடுத்த ஜோடிதான். ஒரு டீச்சரம்மா வாங்கிட்டுப் போச்சு. பிள்ளை அழுவுதுன்னு கடைக்கே தூக்கிட்டு வந்துருச்சு. ரெண்டும் ஆம்பள போல இருக்கே?"

மண்டோர் அசரவில்லை. "பாஸ், நாங்க பாத்துத்தான் குடுக்கறோம். பெரிசு ஆம்பள, சின்னது பொம்பள. ஒலகம் பூரா அப்படித்தான் லா."

குளத்திலிருந்து பக்கெட் தூக்கிக்கொண்டு வந்த அக்கா ஒருத்தி அங்கேயே நின்றுவிட்டாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கதையே. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் வாயைத் திறந்தால் பண்ணையின் கடைசிக் குளம் வரைக்கும் கேட்கும்.

"அப்ப ஒம் பொண்டாட்டி பக்கத்துல ஒன்ன நிறுத்தினா, நீதான் பொம்பள, தம்பி."

மண்டோரின் மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம். எல்லோரும் சிரித்தோம். கடைக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மண்டோரும் சிரித்தார், ஆனால் பெரிசு சின்னது கணக்கை விடவில்லை. அந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். மற்ற மீன்கள் மிரட்டி ஒடுக்குகிற ஆண் மீன் வளராமல் சிறுத்தே கிடக்கும். நன்றாகத் தின்கிற பெண் மீன் பெருத்துவிடும். அளவை வைத்து என்ன சொல்வது?

எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் சொல்லிவிடலாம்.

தாயின் வாயிலிருந்து குஞ்சு எடுக்கும்போது, ஈரக் கையில் அதை மல்லாக்கப் பிடித்து, தலையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தீக்குச்சியால் கீழ்த்தாடையை மெல்லத் திறக்க வேண்டும். குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டும். அந்த நேரம் மீனின் வயிறு என் கண்ணுக்கு நேராக இருக்கும். வயிற்றுக்கடியில், பின்துடுப்பு தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், இரண்டு துளை உண்டு. முன்னால் இருப்பது கழிவு போகிற வழி. பின்னால் இருப்பது முட்டை வருகிற வழி. ஒரு நாளைக்கு இருபது முப்பது தாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில், எல்லாத் தாய்க்கும் பின்துளை அகலமாக இருப்பது என் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம், துடுப்பெல்லாம் கறுத்து நன்றாக வளர்ந்த கடுவன், ஆண் மீன் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு துளையும் ஒரே அளவு, ஊசிக் குத்து மாதிரி. பிறகு விரல் நீளத்து இளசுகளைப் பார்த்தேன். கண்ணை நன்றாகக் குவித்துப் பார்த்தால் அவற்றிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அதற்கும் சின்னக் குஞ்சுகளில் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரர் வாலில்லாத மீனைக் கொண்டுவந்த அன்று மட்டும், மண்டோர் பிரித்து வைத்த ஜோடிகளை அவர் சாப்பிடப் போன நேரத்தில் மாற்றி வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மேசைக்குக் கீழே நனைத்த துணியில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முடித்தேன். மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. ஆனால் தௌக்கே பின்னால் நின்று, நான் ஜோடி மாற்றுவதை மட்டும் பார்த்திருக்கிறார்.

அடுத்த மாதம் கடைக்காரர் வந்தபோது, ஒரு மீன்கூடத் திரும்பி வரவில்லை என்றார். தௌக்கே எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். "மச்சாம் மானா தாவு?" எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார். மண்டோர், கடைக்காரர், பையில் காற்று அடைக்கிற இரண்டு பையன்கள், குளத்து ஆட்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது. என் வீட்டுக்காரரிடமே அந்த மாதிரிச் சொல்லெல்லாம் சொன்னதில்லை நான். பிள்ளை பெறப் போனபோதுகூட நர்ஸிடம், "வலிக்குது" என்றேனே தவிர எங்கே என்று சொல்லவில்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவில் எதைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

"மொகத்தப் பாத்துத்தான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மண்டோர் அதை மலாயில் தௌக்கேவுக்குச் சொன்னார். தௌக்கே கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மீனின் முகத்தை வெகு நேரம் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். அன்றைக்கே மீன் பிரிக்கிற மேசை எனக்கு.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்குப் பண்ணையே மீன் முகம் பார்த்தது. காற்று அடைக்கிற பையன்கள் பந்தயம் கட்டினார்கள். தௌக்கே பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். போதாததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டோர் தன் மனைவியை மோட்டார்சைக்கிளில் உட்கார வைத்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவளுக்கு ஏழு மாதம்.

"அக்கா, மீனுக்கே சொல்றீங்க. இவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. பையனா, பொண்ணா?"

அந்தப் பெண்ணும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு முகத்தை எனக்கு நேராக நீட்டிவிட்டாள். என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்க்கிறார். நான் என்ன செய்வேன்? அந்த முகத்தைப் பார்த்தேன். நல்ல களையான முகம். "சொகமா பொறக்கும்" என்று சொல்லி காப்பி போட உள்ளே போய்விட்டேன். அதையும் அவர் ஒரு சேதியாக எடுத்துக்கொண்டு போய், "அக்கா ஒன்னும் சொல்லல, அப்ப ரெட்டைப் பிள்ளையோ என்னவோ" என்று பண்ணையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தப் பெரிய குரல் அக்கா மழை நாளில் குளத்துக் கரையில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டி வீங்கிப் பலாக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் புடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில், சேற்றில் இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அவள் மகன் அப்போது தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான், இன்னும் ஒன்றரை வருசம் பாக்கி. வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். வேலையை விட முடியாது, குளத்திலும் நிற்க முடியாது. நொண்டிக்கொண்டே தௌக்கேவிடம் போய் நின்றாள். தௌக்கே மோசமானவர் இல்லை. எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போடச் சொன்னார். கடைகளிலிருந்து ஜோடிகளுக்கு ஆர்டர் கூடியிருந்த நேரம், இரண்டு பேர் வேண்டியதாகவும் இருந்தது. தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், முகம் பார்க்கக் கற்றுக்கொண்டால் கொட்டகையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் திரும்பக் குளம்தான் என்று சொல்லிவிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சொல்லுடி, எப்படிப் பாக்கணும்?"

அவள் பெண்தானே, அவளிடம் காதோடு சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் இருபது தடவை வாயெடுத்தேன். ஆனால் அவள் காதில் போட்டால் அடுத்த நிமிசம் பண்ணை முழுக்கக் கேட்கும். "என்னது? அங்கயா பாத்தே?" என்று அவள் கத்துகிற சத்தம் எனக்கு அப்போதே காதில் விழுந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அதுவரைக்கும் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பொம்பள மீனுக்குக் கண்ணு கொஞ்சம் கீழ பாத்தாப்ல இருக்கும்க்கா. ஆம்பளன்னா தாடை தூக்கலா, மொறைச்சாப்ல இருக்கும்."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மீனைக் கண்ணாடிக் குவளையில் விட்டு முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வாள். நான் சொன்ன லட்சணம் போதவில்லை என்று அவளே புதிது புதிதாகச் சேர்த்தாள்.

"இது பாரு, எங்க மாமியா மாதிரியே உதட்ட சுழிச்சுக்கிட்டு நிக்குது. பொம்பளதான், சந்தேகமே இல்ல. இது? சம்பளத்தன்னிக்கி எங்க மச்சான் முழிக்கிற முழி. ஆம்பள. தூக்கிப் போடு அங்க."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். அவள் சாப்பிடப் போனதும் ஆண் ஒன்றில் பெண் ஒன்றில் என்று அவள் போட்ட இரண்டு பேசின் சட்டியிலும் இருக்கிறதை அவசர அவசரமாகப் புரட்டிப் பார்த்து மாற்றி வைப்பேன். பாதிக்குப் பாதி தப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்திருந்தாலும் அவ்வளவுதான் தப்பாகியிருக்கும். என் சாப்பாடு ஆறிப் போகும். அவள் வந்து, "நீ என்னடி, சாப்புடவே மாட்டேங்குற" என்று தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி நெத்திலி சம்பால் என் சோற்றில் போடுவாள். நான் அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்பேன்.

கடையிலிருந்து ஒரு மீனும் திரும்பி வராததால் தௌக்கேவுக்கு அவள் மேல் நல்ல எண்ணம். அக்காவுக்கும் தன் மேல் நல்ல எண்ணம். "எனக்குக் கை வந்துருச்சுடி" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். முட்டி வீக்கம் கொஞ்சம் வடிந்து, முகத்தில் தெளிவும் வந்திருந்தது அவளுக்கு.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். அவர் கடைக்கு எதிரே புதிதாகத் திறக்கிற ஒரு குழந்தைகள் பள்ளியில் பத்து வகுப்பு, வகுப்புக்கு ஒரு சின்னத் தொட்டி, ஆக பத்து ஜோடி வேண்டும் என்றார்.

"பிள்ளைங்க முன்னால மீனு மீனக் கடிச்சுச் சாகக் கூடாது. நானே நின்னு பாத்து எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

தௌக்கே அக்காவைக் காட்டினார். "சூபா டியா" என்றார். அவளே செய்யட்டும், பார்ப்போம் என்று. என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அக்காவுக்கு இது பரீட்சை என்று தெரியும். அவள் பயப்படவில்லை. குவளையைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். இருபது மீன். கடைக்காரர் ஒரு பக்கம், தௌக்கே ஒரு பக்கம், மண்டோர் பின்னால்.

"பாருங்க அண்ணே, இது பொம்பள. கண்ணப் பாருங்க, தரையப் பாக்குது. இது ஆம்பள, தாடையே சொல்லுது. இது... ஏய், ஒழுங்கா நில்லு. இது பொம்பள, ஆனா கொஞ்சம் வாய்க்காரி."

கடைக்காரர் அதிசயப்பட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பேசினில் பத்து, இன்னொன்றில் பத்து. முடித்ததும் அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தௌக்கேவும் என்னைப் பார்த்தார்.

"பெத்துல்?" சரியா என்று கேட்கிறார்.

சரி என்று சொன்னால் அந்தப் பத்து வகுப்பிலும் பிள்ளைகள் கண் முன்னால் மீன் செத்து மிதக்கும். பழி அக்கா தலையில் விழும், அவள் குளத்துக்குப் போவாள். தப்பு என்று சொன்னால் இப்போதே குளத்துக்குப் போவாள். இரண்டு வழியிலும் அந்த முட்டியோடு சேற்றில் நிற்கப் போகிறவள் அவள்தான். தப்புச் செய்தவள் நான், நிழலில் உட்காரப் போகிறவளும் நான்.

"தப்பு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "தப்பு. ஆனா அக்கா மேல குத்தம் இல்ல. நான் அவங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். மொகத்துல ஒன்னுமே தெரியாது."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "என்னடி சொல்றே?"

மூலைத் தொட்டியில் கன்னம் உப்பிப்போய் நின்ற ஒரு தாய் மீனைப் பிடித்தேன். வாயில் குஞ்சு இருக்கிறது, பெண்தான் என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஈர உள்ளங்கையில் அதை மல்லாக்கப் போட்டேன். மல்லாக்கப் போட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். தீக்குச்சி நுனியால் அந்த இடத்தைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் காட்டினேன் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு, அடுத்து கறுத்த துடுப்புக் கடுவனைப் பிடித்து அதையும் காட்டினேன். அப்புறம் அக்கா ஆண் என்று பிரித்த பேசினிலிருந்து ஓர் இளசை எடுத்துப் புரட்டினேன். தாய்க்கு இருந்தது போலவே பின்துளை அகலமாக இருந்தது.

நான்கு தலையும் என் கை மேல் குனிந்திருந்தன.

முதலில் நிமிர்ந்தவள் அக்கா.

"அடிப்பாவி! இத்தன மாசமா நான் மீனு மூஞ்சியப் பாத்துப் பாத்து எம் புள்ள மூஞ்சியே மறந்துபோச்சு. நீ கீழ பாத்துக்கிட்டு இருந்திருக்கே!"

கடைசிக் குளம் வரைக்கும் கேட்டிருக்கும். குளத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தௌக்கே சத்தம் வராமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. மண்டோர் ஒருவர்தான் சிரிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அன்னிக்கி எம் பொண்டாட்டி மொகத்துல என்னத்தக்கா பாத்தீங்க?"

நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?" என்று அக்கா கேட்டாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டாள். கோபமும் இருந்தது குரலில். "என்னையத் திரும்பக் குளத்துல இறக்கிருவாங்கன்னு ஒனக்குத் தெரியுந்தானே?"

"வெக்கமா இருந்துச்சுக்கா" என்றேன்.

"மீனுக்கே வெக்கம் இல்ல, ஒனக்கு என்னடி?"

சொல்லிவிட்டு அவள் என்னை இடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருபது மீனையும் திரும்ப ஒரே பேசினில் கொட்டினாள். கையை நனைத்தாள். ஒன்றை எடுத்தாள், புரட்டினாள், போட்டாள். அடுத்தது. முதல் மூன்று மீனுக்கு மட்டும் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கையில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள், ஒரு மீனைக்கூட நழுவ விடவில்லை. முடித்ததும் தௌக்கே என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். நான் இருபதையும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சந்தேகம். அதை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். "நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். ஜோடிக்குக் குறைந்த மீன்களைத் தொட்டியிலிருந்து எடுத்துப் புரட்டி அவளே சேர்த்தாள்.

தௌக்கே இரண்டு ஸ்டூலையும் தட்டிக் காட்டினார். "டுவா டுவா டுடோக் சினி." இரண்டு பேரும் இங்கேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சம்பாலும் வரவில்லை. அவள் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளும் கொட்டகையே யார் வீட்டுத் துக்கமோ என்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அவளால் முடியவில்லை. ஒரு மீனைப் புரட்டிவிட்டு, "ஏண்டி, இது அகலமா, ஒன்னு போலவா, பாத்துச் சொல்லு" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். வேண்டுமென்றே கத்தினாள். காற்று அடைக்கிற பையன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அவள் கையைப் பார்த்தேன். "அகலம்க்கா" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் மண்டோர் அங்கிருந்து, "பேசாத அக்காவும் சத்தம் போட்டாங்கடா!" என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்கு என்னைவிட வேகம் வந்துவிட்டது. நான் ஒன்று பார்ப்பதற்குள் அவள் இரண்டு பார்ப்பாள். மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அவள் அந்த ஸ்டூலை விடவில்லை. முட்டி மட்டும் மழைக்காலத்தில் வலிக்கும். காலை ஒரு காலி டின் மேல் நீட்டிக்கொண்டு வேலை செய்வாள். மண்டோருக்கு அந்தத் தீபாவளிக்கு முன்பே பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்கா சின்ன வயதில் படித்தவள் இல்லை, ஆனால் வேறு பண்ணையிலிருந்து ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தால் அவள்தான் காட்டிக் கொடுப்பாள். எனக்கு அது ரொம்ப வசதி. அவள் பேசுவாள், நான் மீனைப் பிடித்துக் கொடுப்பேன். வந்தவர்கள் ஆண்களாக இருந்தாலும் அவள் ஒரு சொல்லையும் விழுங்க மாட்டாள். முதல் இரண்டு மூன்று தடவை நான் எழுந்து தண்ணீர் மாற்றப் போய்விடுவேன். அப்புறம் அப்புறம் உட்கார்ந்தே இருந்தேன்.

எனக்கு நினைவு இருக்கிற மட்டும் எழுதிவிட்டேன். இப்போது என்னிடம் மீன் ஒன்றும் இல்லை, எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. பின்துளை அகலமாக இருப்பது பெண்ணுக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை நீளம் வளர்ந்த பிறகு அது தெரிய ஆரம்பிக்கும் என்பதில் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. நான் விரல் நீளம் என்று எழுதியிருக்கிறேன், அது என் விரல். தாய் வாயில் குஞ்சு வைத்திருப்பது மூன்று வாரமா நாலு வாரமா என்பதும் உறுதியில்லை. அந்த ஏரியின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. மீன் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கையை நன்றாக நனைத்துக்கொண்டு ஒரு மீனைப் புரட்டிப் பார்த்து, தப்பிருந்தால் பக்கத்திலேயே திருத்தி எழுதிவிடுங்கள். மீனை அதிக நேரம் வெளியே வைத்திருக்க வேண்டாம்.